கையிலா, பீரோவிலா? மாணவர் கோப்புகளை சர்வர் எங்கே வைக்க வேண்டும்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியர். கணினி என் பாடம் இல்லை. எங்கள் பள்ளியில் கணினி ஆய்வகப் பொறுப்பை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தபோது, "கணக்கு டீச்சருக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அப்படித்தான் நான் இதற்குள் வந்தேன். பிறகு ஆர்வம் பிடித்துக்கொண்டது. விடுமுறை நாள்களில் உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டேன்.

இந்த மாதிரிக் கூட்டங்களில் பெரும்பாலும் நாம் செய்து வெற்றி பெற்றதைச் சொல்வோம். இன்று நான் செய்த ஒரு தவறைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அந்தத் தவறில் இருந்துதான், மாணவர்கள் அனுப்பும் கோப்புகளை ஒரு சர்வர் நினைவகத்தில் வைக்க வேண்டுமா, வன்தட்டில் வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. நிரல் எழுதாத ஆசிரியர்களும் இதைக் கேட்கலாம். உங்கள் கைப்பேசியில் "பதிவேற்றம் முடிந்தது" என்று ஒரு செய்தி வந்தால், அதை எந்த அளவுக்கு நம்புவது என்பதும் இதே கேள்விதான்.

அந்தச் சனிக்கிழமை

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 40 பேருக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்திருந்தோம். உங்கள் ஊரில் மறைந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலையோ வழக்கத்தையோ, அதைச் செய்பவரிடமே பேசி, வீடியோவாக எடுத்து வாருங்கள் என்பதுதான் திட்டம். சமூக அறிவியல் ஆசிரியரின் யோசனை அது. பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். ஒருவன் தன் தாத்தா கயிறு திரிப்பதை எடுத்திருந்தான். ஒருத்தி பாய் பின்னுவதை எடுத்திருந்தாள். இன்னொருத்தி, கோயில் மரத்தடியில் வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதை எடுத்திருந்தாள்.

எடுத்ததெல்லாம் அம்மாவின் போனில், அண்ணன் போனில், பக்கத்து வீட்டு அக்கா போனில் இருந்தது. அவற்றை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். இணையத்தில் ஏற்ற எங்கள் பள்ளியின் இணைப்பு வேகம் போதாது. பிள்ளைகளின் முகமும் பெரியவர்களின் குரலும் எங்கோ வெளியே போய்க் கிடக்க வேண்டாம் என்றும் நினைத்தேன். ஆய்வகத்தில் ஒதுக்கி வைத்திருந்த 4 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு பழைய கணினியை எடுத்து, லினக்ஸ் நிறுவி, ஒரு வைஃபை ரூட்டரோடு இணைத்து, பள்ளிக்குள் மட்டும் இயங்கும் ஒரு சிறிய சர்வராக்கினேன். நோட் ஜேஎஸ் என்ற மென்பொருளில் ஒரு பக்கம் எழுதினேன். கோப்புகளை வாங்குவதற்கு அதில் பலரும் பயன்படுத்தும் மல்ட்டர் என்ற நிரல்தொகுப்பைச் சேர்த்தேன். போனின் உலாவியில் முகவரியைத் தட்டினால், பெயரும் வரிசை எண்ணும் கேட்கும். கோப்பைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதுதான்.

தலைமையாசிரியரின் அனுமதியோடு, அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் வீட்டுப் போனைக் கொண்டு வரச் சொன்னோம். இருபது இருபது பேராக இரண்டு பிரிவு. முதல் இருபது பேர் உட்கார்ந்தார்கள். நான் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினார்கள்.

மூன்று நிமிடம் கழிந்ததும் ஒவ்வொரு போனிலும் பச்சை எழுத்தில் "வெற்றி" என்று வர ஆரம்பித்தது. கைதட்டினார்கள். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், அண்ணன் போன்ல இடமே இல்லை. இதை அழிச்சுடலாமா?" என்று கேட்டாள். "அழிச்சுடும்மா, இங்க வந்துடுச்சுல்ல" என்றேன். அதைக் கேட்டு இன்னொருவனும் அழித்தான்.

இரண்டாவது பிரிவு உட்கார்ந்து அழுத்தியது. இரண்டு நிமிடத்தில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் நின்றன. சர்வரைப் போய்ப் பார்த்தால் என் நிரல் இயக்கத்தில் இல்லை. மறுபடி இயக்கி, கோப்புகளைச் சேமிக்கும் பென் டிரைவைத் திறந்து எண்ணினேன். முதல் பிரிவில் "வெற்றி" பெற்ற இருபதில் ஒன்பதுதான் இருந்தன.

பதினொன்று எங்கே போனது?

இதற்கு விடை சொல்ல, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நாம் பேச்சுவழக்கில் "போனில் மெமரி ஃபுல்" என்கிறோம். படங்களும் வீடியோக்களும் நிறைந்துவிட்டன என்ற பொருளில் சொல்கிறோம். கணினிக்காரர்கள் நினைவகம் என்று சொல்வது அதை அல்ல. மெமரி கார்டும், பென் டிரைவும், வன்தட்டும் ஒரே இனம். மின்சாரம் போனாலும் அவற்றில் வைத்தது இருக்கும். நினைவகம் வேறு. இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் தன் வேலைக்காகக் கையில் வைத்திருக்கும் இடம் அது. நிரல் நின்றால் அதிலிருந்தது போய்விடும்.

வகுப்பில் நோட்டுகளைச் சேகரிப்பதை நினைத்துப் பாருங்கள். வகுப்புத் தலைவன் நாற்பது நோட்டையும் இரண்டு கையில் அடுக்கிக்கொண்டு நிற்கலாம். வாங்கியவுடன் ஒவ்வொன்றாகப் பீரோவில் வைக்கலாம். கையில் வைத்திருந்தால் உடனே ஒன்றை உருவிப் பார்க்க வசதி. அவன் தடுக்கி விழுந்தால் எல்லாம் சிதறும். நினைவகம் என்பது கை. வன்தட்டு என்பது பீரோ.

மல்ட்டரில் இந்த இரண்டு வழியும் உண்டு. நிரலில் ஒரு வரியில் எது வேண்டும் என்று சொல்லலாம். நினைவக வழியைத் தேர்ந்தெடுத்தால், வரும் கோப்பு முழுவதையும் நினைவகத்தில் வைத்து நம் கையில் கொடுக்கும். வட்டு வழியைத் தேர்ந்தெடுத்தால், கோப்பு வர வர அதை வன்தட்டில் எழுதி, எழுதிய இடத்தை நமக்குச் சொல்லும்.

நான் நினைவக வழியைத் தேர்ந்தெடுத்திருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. படங்களைச் சிறிதாக்கும் ஒரு மாதிரி நிரலைப் பார்த்து எழுதினேன், அதில் அப்படி இருந்தது. வேகமாகவும் இருக்கும் என்று நினைத்தேன். நினைவகத்தில் வந்த கோப்புகளை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றாகப் பென் டிரைவில் எழுதும்படி வைத்தேன். மாலையில் அப்படியே பிடுங்கி வீட்டுக்குக் கொண்டு போகலாமே என்று. முதல் நாள் என் போனிலிருந்து மூன்று புகைப்படம் அனுப்பிச் சோதித்தேன். நன்றாகவே வேலை செய்தது. ஓர் ஆள், சிறிய கோப்பு, ஒரு தடவை. நாற்பது பேர் வீடியோ அனுப்புவதற்கு அது எப்படிச் சோதனையாகும்?

தொட்டியும் இரண்டு குழாயும்

அன்று இரவு நான் போட்ட கணக்கு, நம் பாடப்புத்தகத்தில் வரும் அதே தொட்டிக் கணக்குதான். ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது. இன்னொரு குழாய் காலி செய்கிறது. தொட்டி எப்போது நிரம்பும்?

நிரப்பும் குழாய் என் வைஃபை ரூட்டர். எல்லாப் போன்களும் சேர்ந்து விநாடிக்குச் சுமார் 8 எம்பி உள்ளே அனுப்பின. காலி செய்யும் குழாய் என் பழைய பென் டிரைவ். அது விநாடிக்குச் சுமார் 4 எம்பிதான் எழுதும். தொட்டி என் நினைவகம். 4 ஜிபியில் இயங்குதளமும் மற்றவையும் போக, மீதி சுமார் 2 ஜிபி, அதாவது 2000 எம்பி.

ஒரு வீடியோ சராசரியாக 80 எம்பி. இருபது வீடியோ என்றால் 1600 எம்பி. உள்ளே வர 200 விநாடி போதும். எழுதி முடிக்க 400 விநாடி வேண்டும். அதிலும், ஒரு கோப்பு முழுதாக வந்து சேர்ந்த பிறகுதான் எழுதவே ஆரம்பிக்கும். முதல் பிரிவின் கோப்புகளில் பாதிக்கு மேல் இன்னும் கையிலேயே இருந்தபோது, இரண்டாம் பிரிவு பொத்தானை அழுத்திவிட்டது.

இதோடு இன்னும் இரண்டு செலவு உண்டு. கோப்பு துண்டு துண்டாகத்தான் வரும். எல்லாத் துண்டும் வந்ததும் அவற்றை ஒட்டி ஒரே கோப்பாக்கும்போது, அந்தக் கணத்தில் அந்தக் கோப்புக்கு இரண்டு மடங்கு இடம் தேவைப்படும். எழுதி முடித்த கோப்பின் இடமும் அதே நொடியில் காலியாவதில்லை. குப்பை சேர்ந்த பிறகு பெருக்குவது போல, நிரல் அவ்வப்போதுதான் சுத்தம் செய்யும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொட்டி வழிந்தது ஆச்சரியம் இல்லை. நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ், கணினி முழுவதும் முடங்காமல் இருக்க, அதிக இடம் பிடித்திருக்கும் நிரலைத் தேடி நிறுத்திவிடும். அன்று நிறுத்தப்பட்டது என் நிரல். கையில் இருந்த பதினொரு கோப்பும் அதோடு போயின.

மல்ட்டரின் விளக்கக் குறிப்பை நான் பிறகுதான் முழுதாகப் படித்தேன். மிகப் பெரிய கோப்புகள் வந்தாலோ, சிறிய கோப்புகளே வேகமாக நிறைய வந்தாலோ, நினைவக வழியில் நினைவகம் தீர்ந்துபோகலாம் என்ற எச்சரிக்கை அதிலேயே இருக்கிறது. வினாத்தாளின் மேலே இருக்கும் குறிப்பைப் படிக்காமல் விடை எழுதும் மாணவனை நாம் எத்தனை முறை திட்டியிருப்போம்?

வட்டு வழியில் என்ன நடக்கும்? கோப்பு வர வர, சில பத்து கேபி அளவுள்ள துண்டுகளாக வன்தட்டுக்குப் போகும். கோப்பு 8 எம்பி ஆனாலும் 800 எம்பி ஆனாலும் நினைவகத்தில் இருப்பது அந்தச் சிறிய துண்டுகள் மட்டும்தான். எழுதுவது மெதுவானால், சர்வர் வாங்குவதையும் மெதுவாக்கும். அனுப்பும் போன் காத்திருக்கும். அதாவது, காலி செய்யும் குழாயின் அளவுக்கு நிரப்பும் குழாயின் திருகு தானாகவே மூடிக்கொள்ளும். பிள்ளைகள் மூன்று நிமிடத்துக்குப் பதில் ஏழு நிமிடம் காத்திருப்பார்கள். தொட்டி மட்டும் வழியாது.

இரண்டாம் பிரிவுக்கு ஏன் நட்டம் இல்லை?

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்வர் நின்றபோது அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இரண்டாம் பிரிவினர். அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர்கள் போனில் பிழை என்று வந்தது. கோப்பு போனிலேயே இருந்தது. மறுபடி அனுப்பினார்கள். நட்டம் முழுவதும், "வெற்றி" என்று செய்தி பெற்ற முதல் பிரிவுக்குத்தான்.

அப்படியானால் தவறு நினைவகத்தைப் பயன்படுத்தியது மட்டும் இல்லை. கோப்பு கையில் இருக்கும்போதே, பீரோவில் வைத்துவிட்டேன் என்று சொன்னதுதான் பெரிய தவறு. அந்த வார்த்தையை எழுதியது நான். "அழிச்சுடும்மா" என்று சொன்னதும் நான்.

அந்தப் பதினொரு பேரில் ஒன்பது பேரின் போனில் வீடியோ இருந்தது. திங்கட்கிழமை மீண்டும் வாங்கிவிட்டோம். இரண்டு பேர் அழித்திருந்தார்கள். ஒருவன் தாத்தாவிடம் திரும்பப் போய் எடுத்து வந்தான். "மொத தடவை பேசின மாதிரி பேசலை டீச்சர். அதான் அன்னிக்கே சொன்னேனேங்கிறாரு" என்றான். இன்னொருத்தி ஈயம் பூசுபவரை எடுத்தவள். அவர் ஊர் ஊராகப் போகிறவர். அந்த வாரமே கிளம்பிவிட்டிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகள்

அதன் பிறகு எந்தப் பதிவேற்றப் பக்கம் எழுதினாலும் நான்கு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி: இது தொலைந்தால் திருப்பிக் கேட்க முடியுமா? முடியாது என்றால் வன்தட்டுதான். வேகம், வசதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாம் கேள்வி: மிகப் பெரிய கோப்பின் அளவை, ஒரே நேரத்தில் அனுப்பக்கூடியவர் எண்ணிக்கையால் பெருக்கினால் எவ்வளவு? சராசரியைப் பெருக்கக் கூடாது. எங்கள் வகுப்பில் மிகப் பெரிய வீடியோ 120 எம்பி. நாற்பதால் பெருக்கினால் 4800 எம்பி. கணினியின் மொத்த நினைவகமே 4 ஜிபி. இந்த ஒற்றைப் பெருக்கலை வெள்ளிக்கிழமையே போட்டிருந்தால் சனிக்கிழமை அப்படி நடந்திருக்காது.

மூன்றாம் கேள்வி: கோப்பை வாங்கி என்ன செய்யப் போகிறோம்? வைத்திருக்கவா, படித்துவிட்டுத் தூக்கிப் போடவா? ஒவ்வொரு பாட ஆசிரியரும் மதிப்பெண் பட்டியலை எக்செல் கோப்பாக அனுப்ப, சர்வர் அதைக் கூட்டித் தேர்ச்சி அறிக்கை தருகிறது என்று வையுங்கள். ஒரு கோப்பு 1 எம்பிகூட வராது. முப்பது பேர் அனுப்பினாலும் 30 எம்பி. தொலைந்தால் மூலக் கோப்பு ஆசிரியரிடமே இருக்கிறது. இதற்கு நினைவகம் நல்ல வழி. அடையாள அட்டைக்காகப் புகைப்படத்தைச் சிறிதாக்குவதும் இப்படித்தான். பெரிய படம் நமக்குத் தேவையில்லை. சிறிதாக்கியதை மட்டும் வன்தட்டில் எழுதினால் போதும்.

நான்காம் கேள்வி: இது இங்கே தங்கலாமா? கல்வி உதவித்தொகைக்காகப் பிள்ளைகளின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் உள்ள பட்டியலைச் சரிபார்க்க ஒரு நிரல் எழுதினால், அந்தப் பட்டியல் சர்வரில் எங்கேயும் எச்சமாகக் கிடக்கக் கூடாது. வட்டு வழியில், வேலை முடிந்ததும் அழிக்க மறந்தால், கோப்பு மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். நினைவகத்தில் படித்துவிட்டு விடுவது அங்கே கூடுதல் பாதுகாப்பு. எனவே நினைவகத்தைக் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கையில் வைத்துப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுக்க வேண்டிய நோட்டும் உண்டு அல்லவா?

மற்ற மென்பொருள்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பதும் பயன் தரும். மேல்நிலை மாணவர்கள் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் படிக்கும் பிஎச்பி, வரும் கோப்பை முதலில் ஒரு தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதுகிறது. அதை நாம் வேறு இடத்துக்கு நகர்த்தாவிட்டால், அந்த வேலை முடிந்ததும் தானே அழித்துவிடும். பைத்தானில் எழுதப்பட்ட ஜாங்கோ நடுவழியில் போகிறது. கோப்பு 2.5 எம்பிக்குள் இருந்தால் நினைவகம்; மீறினால் தற்காலிகக் கோப்பு. இந்த எல்லையை நாம் மாற்றிக்கொள்ளலாம். அனுபவம் உள்ளவர்கள் ஒரே விடையைப் பிடித்துக்கொள்ளாமல் அளவைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

உச்சவரம்பும் அவசியம். பிஎச்பியில் நாம் மாற்றாவிட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி என்று வரம்பு இருக்கும். படிவத்தின் வரம்பை மீறினால், நம் நிரலுக்கு ஒன்றும் நிரப்பாத வெற்றுப் படிவம் வந்தது போலத் தோன்றும். "என் நிரலில் என்ன பிழை" என்று மாணவர்கள் மணிக்கணக்கில் தேடுவது இதனால்தான். மல்ட்டரிலோ, நாம் சொல்லாத வரை ஒரு கோப்பின் அளவுக்கு வரம்பே கிடையாது. நினைவக வழியைப் பயன்படுத்தினால் வரம்பு சொல்லாமல் விடவே கூடாது.

பீரோவிலும் தொல்லை உண்டு

வட்டு வழிக்கு மாறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். அடுத்த சோதனையிலேயே ஒரு மாணவனின் வீடியோ இருந்த இடத்தில் இன்னொருவனின் வீடியோ இருந்தது. வாட்ஸ்அப் வழியாக வரும் வீடியோவின் பெயரில் தேதியும் அன்றைய வரிசை எண்ணும்தான் இருக்கும். இரண்டு போனில் ஒரே நாளில் வந்த வீடியோக்களுக்கு ஒரே பெயர் வந்துவிடலாம். கோப்பின் சொந்தப் பெயரிலேயே சேமிக்கும்படி நான் எழுதியிருந்தேன். பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்து எழுதிவிட்டது. இப்போது மாணவரின் வரிசை எண்ணையும் வந்த நேரத்தையும் சேர்த்து நானே பெயர் வைக்கிறேன். இன்னொன்று: மல்ட்டரின் வட்டு வழியில் நாம் பெயர் சொல்லாவிட்டால், அது தானே ஒரு பெயரைச் சூட்டும். அதில் கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டு இருக்காது. திறந்து பார்க்கும்போது படமா, வீடியோவா என்று தெரியாமல் விழிப்போம்.

எந்தக் கோப்புறையில் வைப்பது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மல்ட்டர் இயங்குதளத்தின் தற்காலிகக் கோப்புறையில் வைக்கும். டெபியன் லினக்ஸை 13ஆம் பதிப்பில் புதிதாக நிறுவினால், அந்தத் தற்காலிகக் கோப்புறையே நினைவகத்தில்தான் இருக்கும். வன்தட்டு என்று நினைத்துக்கொண்டு மறுபடி நினைவகத்திலேயே வைத்திருப்போம். கணினியை அணைத்துப் போட்டால் ஒன்றும் மிஞ்சாது.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. நிரல் "எழுதிவிட்டேன்" என்று சொன்னாலும், இயங்குதளம் அதைச் சில விநாடிகள் தன் நினைவகத்தில் வைத்திருந்துதான் உண்மையில் வட்டில் பதிக்கும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் கடைசிக் கோப்பு அரைகுறையாகலாம். பென் டிரைவைச் சட்டென்று பிடுங்கக் கூடாது என்பதும் இதனால்தான். யுபிஎஸ் இல்லாத இடத்தில் சர்வர் வைக்காதீர்கள். கோப்பு வந்துகொண்டிருக்கும்போது ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக வந்து வட்டில் பதிந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றினால், பாதிக் கோப்பை முழுக் கோப்பு என்று நம்பி ஏமாற மாட்டோம்.

வன்தட்டும் நிரம்பும். பதிவேற்றம் தொடங்கும் முன்பே எவ்வளவு இடம் மீதம் என்று பாருங்கள். பீரோ எவ்வளவு உறுதியானாலும் ஒரே பீரோ ஒரே பீரோதான். இப்போது அன்றன்றைய கோப்புகளை அன்று மாலையே வேறொரு வட்டிலும் பிரதி எடுக்கிறோம்.

பச்சை எழுத்தை மாற்றினோம்

எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்த "வெற்றி" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது கோப்பு வந்துகொண்டிருக்கும்போது "வந்துகொண்டிருக்கிறது, காத்திருங்கள்" என்று வரும். வன்தட்டில் எழுதி முடித்த பிறகு "சேமிக்கப்பட்டது" என்ற சொல்லோடு கோப்பின் பெயரும் அளவும் வரும். கீழே "பார்" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சர்வரில் இருக்கும் கோப்பே ஓடும். மாணவர் தன் வீடியோவின் முதலையும் முடிவையும் பார்த்துவிட்டு, பதிவு நோட்டில் தன் வரிசை எண்ணுக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். அதன் பிறகும் ஒரு வாரத்துக்குப் போனில் அழிக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

நிரல் எழுதாத ஆசிரியர்களுக்கு நான் கேட்டுக்கொள்வதும் இதுதான். எந்தச் செயலியில் எதை ஏற்றினாலும், பச்சைக் குறி வந்ததும் மூலத்தை அழித்துவிடாதீர்கள். வேறொரு கணினியிலோ போனிலோ அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது அங்கே இருக்கிறது என்று பொருள். குறிப்பாக, குழந்தைகள் வரைந்த படம், பாடிய பாட்டு, முதல் முறையாகத் தடுமாறாமல் வாசித்த ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

வகுப்பில் நான் இதை மறைக்கவில்லை. திங்கட்கிழமை முதல் பாடவேளையில், "தப்பு என்னுடையது" என்று சொல்லிவிட்டு, தொட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். 8, 4, 2000 என்ற எண்களைக் கொடுத்து, எங்கே வழிந்திருக்கும் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொன்னேன். சாதாரணமாக அந்தக் கணக்கைக் கண்டால் கொட்டாவி விடும் வகுப்பு அன்று முழுதும் எழுதியது. கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்து, "டீச்சர், ரெண்டாவது பேட்ச்சை அஞ்சு நிமிஷம் கழிச்சு அனுப்பச் சொல்லியிருந்தாலே போதுமே" என்றான். சரியான விடை. அதை நான் யோசித்திருக்கவில்லை. பிறகு அவனே, "ஆனா எல்லாரும் எப்பவும் அஞ்சு நிமிஷம் காத்திருப்பாங்கன்னு சொல்ல முடியாது" என்றும் சொன்னான். அதுவும் சரிதான். யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டுதான் சர்வர் எழுத வேண்டும்.

ஈயம் பூசுபவரை எடுத்த மாணவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை டீச்சர்" என்றாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, நினைவில் இருந்ததை ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். துருத்தியை எப்படி மிதித்தார், நவச்சாரம் போட்டபோது எழுந்த புகை எப்படி இருந்தது, பஞ்சால் ஈயத்தைத் தேய்த்தபோது பாத்திரம் எப்படி வெள்ளையானது, கடைசியில் அவர் தண்ணீர் கேட்டது வரை எழுதியிருந்தாள். எங்கள் தொகுப்பில் வீடியோ இல்லாத ஒரே பதிவு அதுதான். அந்தத் தாளை வருடி, இரண்டு வட்டில் வைத்திருக்கிறேன். தாளையும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அவர் மறுபடி அந்த மரத்தடிக்கு வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறேன். இதுவரை வரவில்லை.